முதல் மணியிலேயே எடுக்கும் எண்

ஃபோன் மணி அடித்தால் பைண்டர் ஓடுவார். குளித்துக்கொண்டிருந்தால் சோப்பு நுரையோடு ஓடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எச்சில் கையோடு ஓடுவார். பசை தடவிக்கொண்டிருந்தால் பசைக் கையோடு ஓடுவார். அதனால் அந்தக் கறுப்பு ரிசீவரில் அவருடைய ஐந்து விரல் தடமும் காய்ந்து இறுகி, அடுத்த தடவை பிடிக்க வாகாக மேடும் பள்ளமுமாக இருந்தது. ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதர் இப்படி ஓடக்கூடாதுதான். ஆனால் அவர் காத்திருந்தது ஒரு கண்ணுக்காக.

கண் அவருக்கல்ல, பைண்டரம்மாவுக்கு. வீட்டின் முன்னறைதான் பைண்டிங் கடை. முப்பது வருஷமாக அவர் தாளை மடித்து, அடுக்கி, முதுகில் துளை போட்டுக் கொடுப்பார். அந்தம்மா ஊசியில் நூல் கோத்துத் தைப்பாள். பிறகு பசை, அட்டை, பிரஸ். அந்தம்மாவுக்கு ஒரு கண் போய் ஆறு வருஷம் ஆயிற்று. மற்றதும் இரண்டு வருஷமாகப் பால் ஊற்றிய மாதிரி மங்கிக்கொண்டே வந்தது. இப்போதெல்லாம் காலையில் பைண்டர் இருபது ஊசியில் நூல் கோத்து ஒரு துணி உருண்டையில் வரிசையாகக் குத்தி வைப்பார். அந்தம்மா விரலால் துளையைத் தடவித் தடவித் தைப்பாள். கருவிழியை மாற்றினால் பார்வை வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் அப்போது அவள் முப்பத்தொன்றாவது ஆள். போன மாதம் ஒரு கார்டு வந்தது. இப்போது அவள்தான் முதல் ஆள்.

கார்டின் பின்பக்கம் விதிகள் இருந்தன. பைண்டர் அதை ஃபோனுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தார். கண் கிடைத்தால் ஆஸ்பத்திரி ஃபோன் செய்யும். மூன்று தடவை மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டாலும், லைன் வேறு பேச்சில் இருந்தாலும், எண் மாறியிருந்தாலும் கண் அடுத்த ஆளுக்குப் போகும். பெயர் பட்டியலின் கடைசிக்குப் போகும். எடுத்தவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். கண் யாருக்காகவும் காத்திருக்காது.

இப்படி ஒரு கார்டைச் சுவரில் ஒட்டிவிட்டு ஒருவன் நிம்மதியாக உட்கார முடியுமா? அதுதான் ஓட்டம்.

ஓடிப் போய் எடுத்தால், "ஹலோ, ஐஸ் கம்பெனிங்களா? ரெண்டு பார் அனுப்புங்க" என்று ஒரு குரல்.

இது தினமும் காலையில் நடக்கும். பேசுகிறவர் மீன் வண்டிக்காரர். ஐஸ் கம்பெனியின் எண் எட்டில் முடியும். பைண்டரின் எண் ஏழில் முடியும். மற்றதெல்லாம் ஒன்று. "எங்க டயல்ல எட்டு சுத்தினா ஏழாத்தான் போவுதுண்ணே. ஒரு நாலு தடவை சுத்தினா ஒரு தடவை சரியா விழும். கோச்சுக்காதீங்க," என்பார். கோபித்துக்கொள்ள முடியாத குரல். ஆனால் அவர் மன்னிப்புக் கேட்கிற அந்த அரை நிமிஷம் லைன் பேச்சில் இருக்கிறதே, அதை நினைத்து பைண்டர் "சரி தம்பி, சரி" என்று அவசரமாக வைத்துவிடுவார்.

சாயங்காலம் நாலு மணிக்கு வேறு ஒரு கூட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் பிள்ளைகள். "மாமா, உங்க ஃபோன் ஒயர் எவ்வளவு நீளம்?" என்று ஒருத்தி கேட்டாள். பைண்டர், தொலைபேசி இலாகாவிலிருந்து கேட்கிறார்கள் என்று நினைத்து, அடிக்கோல் எடுத்து அளந்து, "நாலடி ரெண்டங்குலம்மா" என்றார். "அப்ப அதுல துணி காயப் போடுங்க!" என்று நாலைந்து குரல் சேர்ந்து சிரித்தது.

ஒவ்வொரு மணிக்கும் பைண்டரம்மாவின் ஊசி பாதியில் நிற்கும்.

"ஆஸ்பத்திரியா?"

"இல்லம்மா. ஐஸ்."

"ஆஸ்பத்திரியா?"

"இல்ல. துணி காயப் போடணுமாம்."

ஊசி மறுபடி நகரும். இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவை. நாலு தடவைதான். அதோடு விட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஆனால் மனிதருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மனைவியை ஃபோன் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கையை ரிசீவர் மேல் எடுத்து வைத்துவிட்டு, புகார் கொடுக்கக் கிளம்பினார்.

தொலைபேசி இலாகாவின் மூன்றாவது மாடியில் தவறான அழைப்புத் தடுப்புப் பிரிவு இருந்தது. பதினாலு பேர், பதினோரு ஃபோன். பைண்டர் உள்ளே நுழைந்தபோது பதினொன்றில் ஏழு அடித்துக்கொண்டிருந்தன. யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முன் மேஜையில் பிரிவு எழுத்தர் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஃபோன் அடிக்குதுங்களே," என்றார் பைண்டர்.

"அடிக்கும்."

"எடுக்க மாட்டீங்களா?"

எழுத்தர் கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தார். "எடுத்தா பேசணும். பேசினா பதியணும். பதிஞ்சா தீர்க்கணும். நீங்க என்ன விஷயமா வந்தீங்க?"

விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒரு படிவம் கொடுத்தார். தவறாக அழைத்தவரின் பெயர், முகவரி, தொழில், தவறாக அழைத்ததன் நோக்கம் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் தவறாக அழைத்தவரின் கையொப்பம்.

"அவங்க கையெழுத்துக்கு நான் எங்கங்க போவேன்?"

"அடுத்த தடவை கூப்பிட்டா வந்து போட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

பிறகு புகார்ப் பதிவேட்டை எடுத்து மேஜையில் வைத்தார். பைண்டருக்கு அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவரே ஐந்து வருஷத்துக்கு முன்னால் கட்டிக் கொடுத்தது. நானூறு தாள், முதுகில் தோல், உள்ளே மனைவியின் தையல், இரண்டு கண்ணில் ஒன்றாவது நன்றாக இருந்த நாளில் தைத்தது. எழுத்தர் முதல் பக்கத்தைத் திறந்தபோது அட்டை புதுசு மாதிரி முறுமுறுவென்றது. ஐந்து வருஷத்தில் ஒரு எழுத்துக்கூட விழவில்லை. பைண்டரின் புகார்தான் முதல் புகார்.

"இப்படி ஒண்ணு வந்தா கண்காணிப்பாளரைப் பாக்கணும்," என்று எழுத்தர் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

கண்காணிப்பாளர் ஒல்லியாக, சுத்தமாக, ரொம்ப மரியாதையாக இருந்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பைண்டர் சொன்னதை முழுக்கக் கேட்டார். மனைவியின் கண்ணைப் பற்றிச் சொன்னபோது 'த்சொ' என்றுகூடச் சொன்னார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"நம்ம இலாகாவுல தவறான எண்ணுன்னு ஒண்ணு கிடையாதுங்க. எண் எப்படித் தவறும்? ஒருத்தர் ஒரு எண்ணைச் சுத்தறார். அந்த எண் எங்க இருக்கோ அங்க மணி அடிக்குது. இயந்திரம் அதோட கடமையைச் செஞ்சாச்சு. நீங்க எடுத்தீங்க. உங்க கடமையும் முடிஞ்சுது. இதுல எங்க தவறு? சுத்தும்போது அவர் மனசுல ஐஸ் இருந்துச்சுன்னா, அது மனசு சம்பந்தப்பட்டது. மனசுக்கு லைன் இழுக்கிற வசதி நம்மகிட்ட இன்னும் வரலை."

"அப்ப இந்தப் பிரிவு எதுக்குங்க?"

"தவறான அழைப்பே இல்லைன்னு யாராவது நிலைநாட்டணுமில்ல? பதினாலு பேர் ஓய்வு ஒழிச்சல் இல்லாம அதைத்தான் செய்யறோம். அஞ்சு வருஷமா ஒரு புகார் கிடையாது. இப்ப நீங்க வந்துட்டீங்க. பரவாயில்லை. விசாரிச்சுடுவோம்."

பைண்டர் மாடி இறங்கும்போது யாரோ தன்னைப் பாராட்டினார்களா திட்டினார்களா என்று புரியாமலே இறங்கினார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது ஃபோன் அடித்தது. பைண்டரம்மா உடனே எடுத்தாள். "உங்களைத்தான் கேக்கறாங்க."

"தவறான அழைப்புத் தடுப்புப் பிரிவுலேருந்து பேசறோம்," என்றார் எழுத்தர். "மணி அடிச்சுதா?"

"அடிச்சதாலதானேங்க எடுத்தோம்."

"எத்தனாவது மணியில எடுத்தீங்க?"

"முதல் மணியிலயே."

"சரி. கீழே வைங்க. மறுபடி அடிக்கிறோம்."

இது விசாரணையாம். புகார் கொடுத்தவரின் ஃபோன் உண்மையிலேயே அடிக்கிறதா என்று தெரியாமல், அதில் தவறான அழைப்பு வருகிறது என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? ஒரு நாளைக்குப் பத்து தடவை, பத்து நாள். பைண்டர் நூறு தடவை ஓடினார். நூறு தடவையும் முதல் மணியிலேயே எடுத்தார். வேறு வழி? ஒவ்வொன்றும் கண்ணாக இருக்கலாமே! "இன்னிக்கு ராங் கால் ஏதாவது வந்துச்சா?" என்று எழுத்தர் கேட்பார். "நீங்க பண்றதுதாங்க" என்பார் இவர். "அதைச் சேர்க்க முடியாது. இது அலுவல்."

பதினோராவது நாள் ஃபோன் வரவில்லை. கண்காணிப்பாளரே வந்தார். பின்னாலேயே எழுத்தர், ஒரு கையில் கண்ணாடி போட்ட சான்றிதழ், இன்னொரு கையில் அந்தப் பதிவேடு. ஃபோன் பக்கத்திலிருந்த ஸ்டூலைத் துடைத்துக் கண்காணிப்பாளரை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். கேட்க இருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அவருடைய எழுத்தர். அவர் மைதானத்துக்குப் பேசுகிற மாதிரி பேசினார்.

"புகார் செய்ய ஒரு எண் வேணும்னு பொதுமக்கள் ரொம்ப நாளாக் கேக்கறாங்க. எங்க விதி என்ன சொல்லுது? பொது எண்ணுன்னு அறிவிக்கணும்னா, நூறு சோதனையிலயும் மூணு மணிக்குள்ள எடுக்கப்பட்ட எண்ணா இருக்கணும். எங்க பதினோரு எண்ணையும் சோதிச்சோம். ஒண்ணுகூடத் தேறலை. அதுக்கு நாங்க வருத்தப்படலை. விதி எவ்வளவு கறாரா இருக்குதுன்னு பெருமைதான் பட்டோம். அப்பதான் உங்க எண் கண்ணுல பட்டுது. நூத்துக்கு நூறு! இந்த ஊர்லயே எடுக்கப்படற ஒரே எண்! அதனால உங்க எண்ணையே பிரிவோட பொது எண்ணா அறிவிச்சிருக்கோம். நோட்டீஸ் அச்சாகி எல்லாச் சந்தாதாரருக்கும் போயாச்சு."

எழுத்தர் தனியாகக் கை தட்டினார்.

பைண்டருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பைண்டரம்மாதான் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டாள். "ஐயா, எங்க லைன் எப்பவும் காலியா இருக்கணும்யா. ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிடுவாங்க. ஊர்ல உள்ளவங்க எல்லாம் கூப்பிட்டா அவங்க எப்படிய்யா கூப்பிடுவாங்க?"

"அதையும் யோசிச்சிட்டோம்மா. நீங்க வெளியே பேசற வசதியை நேத்தே எடுத்துட்டோம். இனிமே லைன் உங்களால ஒரு நிமிஷம்கூட வீணாகாது. அது மட்டுமில்ல, ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம் வெச்சிருக்கோம். கூப்பிடறவர் முதல் வார்த்தையா 'புகார்'னு சொன்னா, கேட்டு எழுதுங்க. வேற எது சொன்னாலும் அது தவறான அழைப்பு. நாலு விநாடிக்குள்ள துண்டிச்சிடணும்."

"எனக்கு இது வேண்டாங்க," என்றார் பைண்டர்.

"தாராளமா மறுக்கலாம். எண்ணைத் திரும்ப எடுத்துக்கிட்டு வேற எண் கொடுத்துடுவோம்."

பைண்டர் சுவரில் ஒட்டியிருந்த கார்டைப் பார்த்தார். எண் மாறினால் பட்டியலில் கடைசி. அதாவது இன்னும் இரண்டு வருஷம். அதற்குள் அந்த இன்னொரு கண்ணில் துளி வெளிச்சம்கூட மிஞ்சாது. சான்றிதழை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஊர் முழுக்கப் பேச ஆரம்பித்தது. ஊரில் இத்தனை பேருக்கு இத்தனை குறை இருக்கிறது என்று அவருக்கு அதுவரை தெரியாது. ஒருவர், தன் மாமியார் தினமும் சரியான எண்ணுக்கே அழைக்கிறார், அதைத் தவறான அழைப்பாக அறிவிக்க முடியுமா என்று கேட்டார். இன்னொருவர் முப்பது வருஷத்துக்கு முன்னால் தான் பண்ணிய ராங் கால் ஒன்றைப் பற்றி மனசு உறுத்துகிறது என்று ஒப்புக்கொண்டார். பத்து நிமிஷம் அழுதார். ஒரு பெண்மணி, "புகார். எனக்கு ராங் நம்பர்கூட வர்றதில்லைங்க. ஃபோன் வேலை செய்யுதான்னு யாராவது ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கணும்," என்றாள். அதைப் பதிவேட்டில் எழுதும்போது பைண்டருக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வெளியே பேசுகிற வசதி இருந்திருந்தால் அவரே கூப்பிட்டிருப்பார்.

நாற்பது, ஐம்பது, ஒரு நாள் எழுபத்து மூன்று. கடை வேலை அப்படியே கிடந்தது. பசை வாளியில் ஆடை கட்டியது. ஒவ்வொரு மணிக்கும் ஊசி நின்றது.

"ஆஸ்பத்திரியா?"

"இல்லம்மா. புகார்."

நோட்டீஸை மாற்றச் சொல்லி அவர் இன்னொரு தடவை மூன்றாவது மாடிக்குப் போனார். "நேர்ல வாங்கறதில்லைங்க," என்றார் எழுத்தர். "இப்ப எல்லாப் புகாரும் பொது எண்ணுலதான் சொல்லணும்."

"அது என் எண்ணுங்க."

"அப்ப உங்களுக்கு ரொம்ப சுலபம்."

'புகார்' என்று ஆரம்பிக்காதவர்களுக்குச் சொல்ல ஒரு வாசகம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "வணக்கம். தவறான எண். தங்கள் அழைப்பு பதிவு செய்யப்பட்டது. நன்றி." முதல் வாரம் பைண்டர் அதைக் காகிதம் பார்த்துப் படித்தார். இரண்டாவது வாரம் பார்க்காமல் சொன்னார். மூன்றாவது வாரம் தூக்கத்தில் சொன்னதாக மனைவி சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளை சாயங்காலம் கூப்பிட்டு, "மாமா, உங்க வீட்டுக் கடிகாரம் ஓடுதா?" என்று ஆரம்பித்தாள். பதிலுக்கு வாசகம் போயிற்று. மறுநாளும் போயிற்று. மூன்றாம் நாள் அவள், "போங்க மாமா, நீங்க முன்ன மாதிரி இல்ல," என்று அவர் வைப்பதற்கு முன்னால் தானே வைத்துவிட்டாள். அப்புறம் அவள் கூப்பிடவே இல்லை. இலாகா தடுத்து நிறுத்திய ஒரே தவறான அழைப்பு அதுதான்.

ஆனால் ஒன்று. எத்தனை வேகமாகச் சொன்னாலும், வாசகத்துக்கு முன்னால் பைண்டர் ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சில் எதிர்முனையில் ஆஸ்பத்திரி என்று வருகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்பார். அதனால் நாலு விநாடி ஆறு ஆகிவிடும். பதிவேட்டை வாரம் ஒரு முறை பார்வையிட வந்த எழுத்தர், அந்த இரண்டு விநாடியை மேலே எழுதி அனுப்பினார்.

கண்காணிப்பாளர் ஸ்டாப்வாட்சோடு வந்துவிட்டார். காலை பத்து மணி. ஸ்டூலில் உட்கார்ந்தார். இன்றைய சராசரி நாலு விநாடிக்கு மேல் போனால் எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி உத்தரவு என்று மரியாதையாகச் சொன்னார்.

பைண்டர் அன்றைக்கு அந்த மூச்சை விடவில்லை. விட முடியவில்லை. மணி அடித்தது, எடுத்தார், வாசகம், வைத்தார். ஐந்து விநாடி. அடுத்தது நாலு. மனைவி தைத்துக்கொண்டே கேட்பதும் அவர் 'இல்ல' என்று தலையை ஆட்டுவதும் (அவளுக்குத் தெரியாது என்பதுகூட மறந்து) நடந்துகொண்டே இருந்தது. நாலு. நாலு. நெற்றி வியர்வை பதிவேட்டில் சொட்டியது. அடுத்த மணி.

"வணக்கம், கண்..." என்றது ஒரு பெண் குரல்.

"வணக்கம்தவறானஎண்தங்கள்அழைப்புபதிவுசெய்யப்பட்டதுநன்றி."

கண்காணிப்பாளர் ஸ்டாப்வாட்சை உயர்த்திக் காட்டினார். "மூணு! இலாகாவோட வரலாற்றுலயே இது முதல் தடவை!"

"யாருங்க?" என்று கேட்டாள் பைண்டரம்மா.

"தெரியலை. ஒரு பொம்பளைக் குரல். கண்ணுன்னு ஆரம்..."

அவர் அந்த வார்த்தையை முடிக்கவில்லை. ஊசி நின்றது. அந்தம்மா மெதுவாகத் தாளை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

பைண்டர் ரிசீவரை எடுத்து டயலைச் சுற்றினார். வெறும் இரைச்சல். "வெளியே போகாதுங்களே," என்றார் கண்காணிப்பாளர். "எடுத்துட்டோமில்ல?"

"சார், ஒரே ஒரு தடவை, நீங்க சொன்னா..."

"மனு கொடுங்க. பதினாலு நாள்ல பரிசீலிப்போம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக பைண்டருக்கு ஒரு மனிதனின் கழுத்தைப் பிரஸ்ஸில் வைத்து இறுக்கத் தோன்றியது. தெருமுனைக் கடை ஃபோனில் பேசலாம் என்று வாசலுக்கு ஓடினார். அதற்குள் திரும்பக் கூப்பிட்டால்? திரும்பி உள்ளே ஓடினார். மறுபடி வாசல். மறுபடி உள்ளே. கூண்டில் அடைத்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. ரிசீவரைப் பிடுங்கினார். வாசகம் தானாகவே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினார்.

"புகார்," என்றது அதே பெண் குரல்.

"சொல்லும்மா! சொல்லு!"

"ஆஸ்பத்திரி கண் வங்கியிலேருந்து பேசறேங்க. இங்க ஒரு கண் வந்திருக்கு. பட்டியல்ல முதல் ஆளுக்கு ஃபோன் போட்டா ராங் நம்பர்ங்கறாங்க. ராங் நம்பர்னா இலாகாவுல சொல்லிப் புகார் நம்பர் வாங்கின பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிடணும்னு எங்க விதி. சீக்கிரம் பதிஞ்சு கொடுங்க, நேரம் போகுது."

"எந்த நம்பருக்கும்மா போட்டீங்க?"

"நாலு, மூணு, ஒண்ணு, ஆறு, ஏழு."

"இப்ப எந்த நம்பருக்குப் போட்டிருக்கீங்க?"

"நோட்டீஸ்ல இருக்கிற நம்பர்தாங்க. நாலு, மூணு, ஒண்ணு..." குரல் நின்றது. "ஆறு... என்னங்க இது?"

"எழுதிக்கிட்டு நம்பர் கொடுங்க," என்று பக்கத்திலிருந்து கண்காணிப்பாளர் கிசுகிசுத்தார். "விசாரணை முடியற வரைக்கும் அது தவறான எண்தான். நீங்களா சரின்னு சொல்ல விதியில்லை."

"இது சரியான நம்பர்மா!" என்று பைண்டர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "நான்தான்மா! என் வீட்டுக்காரிக்குத்தான்! வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க, இதோ வந்துட்டோம்!"

வைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி மணி. "அண்ணே, மன்னிச்சுக்குங்க, இன்னைக்கும் ஏழுலயே விழுந்துடுச்சு..."

"தம்பி, ஐஸை விடு. வண்டி இருக்கா?"

மீன் வண்டிக்காரர் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. பத்தாவது நிமிஷம் வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தை அன்றைக்குத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்; அதாவது ஒருவர்தான் பார்க்கிறார். "வாங்கண்ணி, முன்னாடி உக்காருங்க, கொஞ்சம் நாத்தமா இருக்கும்," என்று கைத்தாங்கலாக ஏற்றினார். பைண்டர் பின்னால் காலிப் பெட்டிகளோடு உட்கார்ந்தார். கதவைப் பூட்ட மறந்துவிட்டார். கண்காணிப்பாளரையும் மறந்துவிட்டார்.

அவர் ஸ்டாப்வாட்சோடு தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு சாண் தள்ளி ஃபோன். அது அடித்தது. அவர் அதைப் பார்த்தார். அது அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவர் ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

கண் கட்டுப் பிரித்து மூன்று வாரம் கழித்து இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பைண்டர் கையில் வாங்கினார். பைண்டரம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள். மூக்குக்கு அருகில் வைத்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"ஆய்வு நாளன்று... தங்கள் எண்... தொடர்ந்து பத்து முறை மணி அடித்தும்... எடுக்கப்படவில்லை. எனவே பொது எண்ணுக்குரிய தகுதியை... இழக்கிறது. வெளியே பேசும் வசதி... திருப்பி அளிக்கப்படுகிறது. எடுக்காததற்கு விளக்கம்... ஏழு நாளில்... தரவும். ஒப்பம், கண்காணிப்பாளர்." அவள் நிமிர்ந்தாள். "ஏங்க, அந்தப் பத்து தடவை அடிச்சப்போ இவர் எங்க இருந்தார்?"

"நம்ம ஸ்டூல்ல."

"ஏன் எடுக்கலையாம்?"

"எடுத்தா பேசணும். பேசினா பதியணும்."

அந்தம்மா சிரித்தாள். கடிதத்தை நாலாக மடித்து, உளியை எடுத்து, முதுகில் வரிசையாகத் துளை போட்டாள். துணி உருண்டையிலிருந்து நூல் இல்லாத ஓர் ஊசியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். முதல் தடவை நூல் பக்கத்தில் போயிற்று. இரண்டாவது தடவை நுழைந்துவிட்டது. பைண்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஃபோன் அடித்தது. பைண்டரின் கால் தானாகவே துள்ளியது.

"ஓடாதீங்க," என்றாள் அவள். "ஐஸ் தம்பியாத்தான் இருக்கும். மெதுவாப் போய் எடுங்க. எடுத்துப் பேசி முடிச்சதும், எனக்கு ராங் நம்பர்கூட வர்றதில்லைன்னு சொன்னாங்களே ஒரு அம்மா, பதிவேட்டைத் திருப்பிக் கொடுக்கறதுக்கு முன்னாடி அவங்க நம்பரைப் பாத்து எழுதிக்கிட்டேன்னீங்களே, அதைச் சுத்துங்க."

பைண்டர் நடந்து போனார். அவர் போய் எடுப்பதற்குள் ஆறு தடவை அடித்துவிட்டது.